கலாமணிக்கு ஈவு எத்தனை?

பள்ளிகளில் உளவியல் சொல்லிக்கொடுக்கப் புதிதாகப் போகிற உங்களைப் போன்றவர்களை ஊர் இரண்டு விதமாகத்தான் பார்க்கும். எதிரில் நிற்பவர் மனதில் ஓடுவதை அப்படியே வாசித்துவிடுவார்கள் என்று சிலர் பயப்படுவார்கள். இவர்களுக்கே மூளையில் ஏதோ கோளாறு, அதனால்தான் இந்தப் படிப்பைத் தேடிப் போய்ப் படித்திருக்கிறார்கள் என்று சிலர் இரக்கப்படுவார்கள். முப்பது வருடத்துக்கு மேல் நான் இரண்டையும் அனுபவித்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றேன். பயப்படுகிறவர்களால் கொஞ்சம் லாபம் உண்டு. மோகனூர் பக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மளிகைக் கடைக்காரர் எனக்கு மட்டும் துவரம்பருப்பைச் சரியான எடையில் போடுவார் என்று நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா சொன்னார். இரக்கப்படுகிறவர்களால் ஒரு லாபமும் இல்லை. சேலத்தில் அத்தர் கடை வைத்திருந்த, என்னைப் பெற்ற அத்தாவே அந்தக் கட்சிதான். வேலை உத்தரவை வாங்கிப் பார்த்துவிட்டு, "பைத்தியங்களுக்குப் பாடம் எடுக்கப் போறியாம்மா?" என்று கேட்டார். பைத்தியங்களைப் பற்றி எடுக்கப் போகிறேன் என்றேன். அவருக்கு அது இன்னும் மோசமாகப் பட்டது.

பியூசி போய், பள்ளிக்கூடங்களுக்கு பிளஸ் டூ வந்த புதிது அது. எங்கள் தலைமையாசிரியர் ஆங்கில வாத்தியாராக இருந்து உயர்ந்தவர். பக்கத்து ஊர்ப் பள்ளியில் இல்லாத ஏதாவது ஒன்று நம் பள்ளியில் இருக்க வேண்டும் என்பது ஒன்றே அவருடைய கல்விக் கொள்கை. பக்கத்து ஊரில் கணிப்பொறியா இருந்தது, அந்தக் காலத்தில்? பௌதிகம் இருந்தது, வணிகவியல் இருந்தது. ஆகவே இவர் அலைந்து திரிந்து உளவியலை வாங்கிவந்தார். வாங்கிவந்த பிறகுதான் அது என்ன என்று என்னிடம் கேட்டார்.

அறிவியலுக்கு மார்க் போதாதவர்களும் வணிகவியலில் இடம் கிடைக்காதவர்களும் என் வகுப்புக்கு வந்தார்கள். அவர்களோடு, மார்க் இருந்தும் வந்தவள் கலாமணி. காவிரிக்கரையில் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் வைத்திருந்த ஒரு விவசாயியின் ஒரே மகள். பத்தாம் வகுப்பில் அவள் எடுத்த மார்க்குக்கு அறிவியல் பிரிவில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருப்பார்கள். ஆனால் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற அத்தை மகன் பழனிச்சாமிக்கு உளவியலைத் தவிர வேறெந்தப் பிரிவிலும் இடம் கிடைக்கவில்லை. கட்டிக்கிறவனைவிடப் பெண் பெரிய படிப்புப் படிக்கக் கூடாது என்று பையனின் அப்பா சொல்லிவிட்டார். எனவே அவளையும் இதே பெஞ்சுக்கு அனுப்பினார்கள். ஒரே வகுப்பில் இருந்தால் அவள்மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளவும் வசதி. பழனிச்சாமி கண்ணை ஜன்னலுக்கு வெளியே வைத்திருந்தான் என்பது வேறு விஷயம்.

பையனின் அப்பாவுக்கு நாமக்கல்லில் நான்கைந்து லாரிகள் ஓடின. நல்ல மனிதர்தான். எதையும் சத்தமாகச் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று நம்புகிறவர்.

அவர்கள் இரண்டாம் வருடத்துக்கு வந்தபோது எங்கள் செய்முறை வகுப்புக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே கட்டைகள், படங்கள், ஒரு நிறுத்துக் கடிகாரம். நுண்ணறிவுச் சோதனை செய்வதற்கானது. மாணவர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் சோதிக்க வேண்டும். கடைசியில் வரும் எண்ணுக்குப் பாடப்புத்தகத்தில் நுண்ணறிவு ஈவு என்று பெயர். சோதிப்பது எப்படி என்று கற்றுக்கொள்ளத்தான் பயிற்சியே தவிர, எண் முக்கியமில்லை என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். பழனிச்சாமி கலாமணியைச் சோதித்தான், கலாமணி பழனிச்சாமியைச் சோதித்தாள். அவனுக்கு நூற்றுக்குக் கொஞ்சம் கீழே வந்தது. அவளுக்கு நூற்றுமுப்பதை ஒட்டி வந்தது. நான் சரிபார்த்தேன், இரண்டு பேரும் ஒழுங்காகவே செய்திருந்தார்கள். பழனிச்சாமி அதைப் பற்றி ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. "நாந்தான் டீச்சர் டைம் பாத்தது" என்று தன் பங்குக்குப் பெருமைப்பட்டுக்கொண்டான்.

தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, பெட்டி வேலை செய்கிறதா என்று விசாரித்தார். வாங்கிய பொருள் வேலை செய்கிறதா என்று கேட்பது அவர் கடமை. விவரம் சொன்னேன், எண்களை வெளியே சொல்லக் கூடாது என்பதையும் சொன்னேன். தலையை ஆட்டினார். பெற்றோர் ஆசிரியர் கூட்டம் நடந்த அன்று மேடையில் ஏறி எல்லாவற்றையும் சொன்னார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்த வருடம் பிள்ளைகள் சேராவிட்டால் பிரிவை மூடிவிடுவார்கள் என்று பயந்திருந்தார். முன்வரிசையில் லாரிக்காரர்களும் கரும்பு விவசாயிகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்று, "லாரி இன்ஜினுக்குக் குதிரைத்திறன் எப்படியோ, அப்படித்தான் மனுசனுக்கு ஈவு" என்று ஆரம்பித்தார். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்தப் பகுதியில் குதிரைத்திறன் என்றால் குழந்தைக்கும் தெரியும். பிறகு, நம் பள்ளியின் பெருமையாக ஒரு மாணவிக்கு வந்த ஈவு இது என்று கலாமணியின் பெயரைச் சொன்னார், எண்ணைச் சொன்னார். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் மயங்கி, அவளைச் சோதித்த மாணவன் என்று பழனிச்சாமியின் பெயரைச் சொல்லி அவனுடைய எண்ணையும் சொல்லிவிட்டார்.

கைதட்டல் நின்றது. முன்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

ஒரு வாரம் ஊரில் வேறு பேச்சே இல்லை. பஸ்ஸில் கண்டக்டர் சீட்டு கிழித்துக்கொண்டே, தன்னுடைய ஈவு எவ்வளவு இருக்கும் என்று உத்தேசமாகவாவது சொல்லச் சொன்னார். கோழிப்பண்ணை வைத்திருந்த ஒருவர் தன் கணக்குப்பிள்ளையைக் கூட்டிவந்து, அவருக்கு ஈவு அதிகமாக இருந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடலாம் என்று இருப்பதாகச் சொன்னார். ஆசிரியர் அறையிலும் நிலைமை மாறியது. தம் பிள்ளைகள் தலையைத் தடவிப் பார்க்கச் சொல்லி என்னிடம் யாரும் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் என் எதிரில் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகப் பேச ஆரம்பித்தார்கள். அது தாங்க முடியாததாக இருந்தது.

அதற்குள் கல்யாணம் ஆட்டம் கண்டுவிட்டது. இத்தனை ஈவு உள்ள பெண் புருசன் வீட்டில் அடங்கி இருப்பாளா என்று பழனிச்சாமியின் அம்மா கேட்டாராம். அவர் கலாமணியின் சொந்த அத்தை, தூக்கி வளர்த்தவர். பிறந்த நாளிலிருந்து பார்த்த பெண்ணைவிட, நான்கு நிமிடத்தில் மேடையில் கேட்ட எண் அவருக்குப் பெரிதாகப் போய்விட்டது. எண்ணுக்கு இருக்கிற இந்தச் சக்தியை நீங்கள் ஒருபோதும் குறைத்து மதிப்பிடாதீர்கள். தெரிந்த மனிதரை அது ஒரே நாளில் தெரியாதவராக்கிவிடும்.

முதலில் வந்தவர் கலாமணியின் அப்பா. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏனுங்க டீச்சர், அதக் கொஞ்சம் கொறச்சுப் போடுங்க" என்றார். "பையனுக்குக் கீழ ஒரு ரெண்டு இருந்தாப் போதுமுங்க. எம்பட புள்ள ஒண்ணும் அவ்வளவு புத்திசாலி இல்லீங்க. ஊட்டுல பாருங்க, சோத்துக்கு உப்புப் போட மறந்துருவா."

பெற்ற தகப்பன் தன் மகளை முட்டாள் என்று நிரூபிக்க ஆதாரம் தேடிக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. அப்படியெல்லாம் மாற்ற முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அன்று மாலை தலைமையாசிரியர் கூப்பிட்டார். பையனின் அப்பா வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார். பரீட்சையில் தோற்றால் மறுபரீட்சை உண்டே, இதற்கும் ஒரு மறுசோதனை வைத்தால் என்ன என்று தலைமையாசிரியர் கேட்டார். மேடையில் ஏற்றிவிட்டதைக் கீழே இறக்கிவிட அவருக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கையில் இரண்டு வழிகள் இருப்பதாக நினைத்தேன். எண்ணைத் திருத்தினால் படித்த படிப்புக்குத் துரோகம். திருத்தாவிட்டால் கலாமணியின் கல்யாணம் நின்றுபோகும். நின்றால் நல்லதுதானே, அவளைத் தரம் இறக்கிப் படிக்கவைத்த குடும்பம்தானே என்றும் தோன்றியது. உண்மைக்காக நிற்கிற ஆசிரியை என்று என்னை நானே பார்த்துக்கொண்டு, ராஜினாமாக் கடிதத்துக்கு மனதுக்குள் வாசகமெல்லாம் யோசித்துவிட்டேன்.

ஆசிரியர் அறையில் எங்கள் வரலாற்று ஆசிரியை எப்போதும் மூலையில் உட்கார்ந்து வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்துக்கொண்டிருப்பார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. யாருடைய சண்டையிலும் தலையிட மாட்டார். என் புலம்பல் முழுவதையும் கேட்டுவிட்டு, பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எல்லார் கிட்டயும் பேசியாச்சு. அந்தப் புள்ளையக் கேட்டீங்களா?" என்றார். பக்கத்தைத் திருப்பிக்கொண்டார்.

கேட்கவில்லை. மனித மனத்தைப் பற்றி ஐந்து வருடம் படித்திருந்தேன், வாரம் ஏழு பீரியட் பாடம் எடுத்தேன். அந்தப் பெண்ணின் மனதில் என்ன இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மறுநாள் கலாமணியைச் செய்முறை அறைக்குக் கூப்பிட்டேன். கட்டைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டே பேசினாள். என்ன செய்தால் உனக்கு நல்லது என்று கேட்டேன். அவள் ஏற்கெனவே யோசித்து முடித்திருந்தாள்.

"இந்தக் கல்யாணம் நின்னுபோச்சுன்னா அப்பா பயந்துருவாருங்க டீச்சர். பேரு கெட்டுப்போகறதுக்குள்ள வேற மாப்பள பாத்து, தையிலயே முடிச்சுருவாரு. அப்பறம் எங்கங்க பரீட்சை எழுதறது? பழனிச்சாமி மச்சான்னா, அவரும் பரீட்சை எழுதோணுமில்லீங்களா, மார்ச்சு வரைக்கும் யாரும் தேதி வெக்க மாட்டாங்க."

பழனிச்சாமியை உனக்குப் பிடிக்குமா என்று கேட்டேன்.

கையிலிருந்த கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுவரைக்கும் ஆரும் கேக்கலீங்க. பரீட்சை முடிஞ்சு சொல்றனுங்களே."

ராஜினாமாக் கடிதம் எழுதியிருந்தால் அவள் படிப்பைத்தான் ராஜினாமா செய்திருப்பேன் என்று அப்போது புரிந்தது. கல்யாணம் நிற்கக் கூடாது. எண்ணையும் பொய்யாக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஏதாவது ஒரு சந்து இருக்கிறதா என்று தேடிக்கொண்டே தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். அங்கே பையனின் அப்பா, பெண்ணின் அப்பா இருவரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கே தீர்வு வேண்டுமாம்.

மறுசோதனையைத் தடுக்க எனக்குத் தெரிந்த காரணத்தைச் சொன்னேன். ஒரு முறை செய்தவர்கள் அதையே மறுபடி செய்தால் பழக்கத்தினால் எண் கொஞ்சம் கூடத்தான் செய்யும், அதனால் அர்த்தமில்லை என்றேன். இது பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம். லாரிக்காரர் முகம் மலர்ந்தது.

"கூடுமுங்களா? அப்ப எம்பட பையனுக்கு மட்டும் வெய்யுங்க. புள்ளைக்கு வேண்டாம். அதுக்கு இருக்கறதே போதும்."

நியாயமான யோசனை என்று தலைமையாசிரியரும் சொன்னார். பாடப்புத்தகத்தை நம்பிப் பேசினால் இப்படி ஒரு வாதம் வரும் என்று எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லவில்லை. நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள். எந்த விதியை எடுத்து நீட்டினாலும், அதைத் தனக்கு வாகாகத் திருப்பிப் பிடிக்க எதிரில் இருப்பவருக்கு அரை நிமிடம் போதும்.

பெட்டி வந்தது. பழனிச்சாமி வந்தான். கலாமணி பெட்டியைத் தூக்கிவந்தவள் கதவோரம் நின்றுவிட்டாள். அப்பாவும் மாமனும் தலைமையாசிரியரும் சுற்றி நிற்க, பையன் கட்டைகளைக் கையில் எடுத்தான். நான் கடிகாரத்தை அழுத்தினேன். அட்டையில் இருக்கிற வடிவத்தைக் கட்டைகளில் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு கட்டையையும் வைப்பதற்கு முன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். போன முறை சுலபமாகச் செய்த முதல் வடிவத்திலேயே சிக்கிக்கொண்டான்.

"செவப்ப அந்தப் பக்கம் போடு சாமி" என்றார் அப்பா.

சொல்லிக்கொடுக்கக் கூடாது என்றேன். சொல்லிக்கொடுக்கவில்லை, யோசனைதான் சொன்னேன் என்றார். அடுத்த அட்டையில் அவரால் பொறுக்க முடியவில்லை. மகனை நகரச் சொல்லிவிட்டு, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தானே உட்கார்ந்தார். ராத்திரியோடு ராத்திரியாக லாரியின் பின்சக்கர ஆக்ஸிலை மாற்றியவன் நான் என்று சொல்லிக்கொண்டே கட்டைகளை அடுக்கினார். ஒரு பக்கம் சரியாக வந்தால் மறுபக்கம் கோணிக்கொண்டது. பெண்ணின் அப்பா குனிந்து, "மச்சான், அதைத் திருப்பிப் போட்டாத் தேவலைங்களா?" என்று ஒரு கட்டையைத் தொட்டார். இவர் கையைத் தட்டிவிட்டார். தலைமையாசிரியர் இரண்டு பேரையும் விலக்கிவிட்டு, இது ஒரு விதமான வடிவகணிதம், கொஞ்சம் தர்க்கமாக அணுக வேண்டும் என்று விளக்கிக்கொண்டே தானும் அணுகினார். நிறுத்துக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

மூன்று பேரும் சேர்ந்து அந்த மேசையில் கொண்டுவந்த வடிவம் உளவியல் வரலாற்றில் எங்கும் இல்லை.

பழனிச்சாமி சுவரோரம் ஒதுங்கி நின்று வாயைக் கையால் மூடிக்கொண்டான். கலாமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தோள் மட்டும் குலுங்கியது.

லாரிக்காரர் நிமிர்ந்தார். வியர்வையைத் துண்டால் துடைத்தார். அவர் எந்த முடிவுக்கு வரப்போகிறார் என்பதில் இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கை இருந்தது. தனக்கும் தன் மகனுக்கும் ஈவு குறைவு என்று ஒத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மனிதர்கள் அப்படியெல்லாம் செய்வதில்லை.

"பொட்டி சரியில்லைங்க" என்றார் சத்தமாக.

"எனக்கும் அப்படித்தான் படுது" என்றார் தலைமையாசிரியர் உடனே. வாங்கிவந்தவரே அவர்தான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். பெட்டியில் ஒரு குறையும் இல்லை. அப்படிச் சொல்லிவிட்டு, பயம், பதற்றம், சோதனைச் சூழல் என்று ஒரு பாடமே நடத்த எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அது உண்மைதான். ஆனால் அந்த அறையில் உண்மை ஒன்றே ஒன்றாக இருக்கவில்லை, பல இருந்தன. அவற்றில் எது அந்தப் பெண்ணை மார்ச் வரைக்கும் பெஞ்சில் உட்கார வைக்குமோ, அதைத் தேடி எடுத்தேன்.

"இது வேற ஊர்ப் பிள்ளைகளுக்காகச் செஞ்ச பெட்டிங்க. நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு வெச்சுப் பார்த்துச் செஞ்சதில்லை. இதுல வர்ற எண்ணை வெச்சு நம்ம பக்கம் கல்யாணம் பேசறது சரியில்லைங்க" என்றேன்.

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. வேண்டுமானால் உங்கள் பாடப்புத்தகத்தில் தேடிப் பாருங்கள், இருக்கும். லாரிக்காரர் வெற்றியோடு மச்சினனைப் பார்த்தார். வெளியூர்ச் சரக்கு என்று தான் அப்போதே நினைத்ததாகச் சொன்னார். தலைமையாசிரியர் அடுத்த கூட்டத்தில் மேடையேறி, ஈவு என்பது இறுதியானதல்ல என்று அறிவித்தார். அதற்கும் கைதட்டினார்கள். பெட்டி பரண்மேல் போயிற்று. அத்தைக்கு மருமகள் பழையபடி தெரிந்த பெண்ணாகிவிட்டாள்.

மார்ச் வந்தது, இருவரும் பரீட்சை எழுதினார்கள். கலாமணி பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். பழனிச்சாமி எல்லாப் பாடத்திலும் தேறி, ஆங்கிலத்தில் மட்டும் போய்விட்டான்.

இப்போது புதுச் சிக்கல். ஃபெயிலானவன் பாஸானவளுக்குத் தாலி கட்டுவதா என்று லாரிக்காரருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. பையன் அக்டோபரில் எழுதித் தேறட்டும், பிறகு முகூர்த்தம் பார்க்கலாம் என்றார். அதுவரை பெண் வீட்டில் சும்மா இருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று, கலாமணியின் அப்பா அவளை நாமக்கல்லில் பெண்கள் கல்லூரியில் சேர்த்துவிட்டார். பொழுது போவதற்காகத்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். உளவியல் அங்கே இல்லை, வரலாறு எடுத்தாள்.

அக்டோபரில் பழனிச்சாமி ஆங்கிலத்தில் தேறவில்லை. அடுத்த மார்ச்சிலும் தேறவில்லை. அதற்கடுத்த அக்டோபரிலும் இல்லை. லாரிக்காரர் டியூஷன் வைத்துப் பார்த்தார். எங்கள் தலைமையாசிரியரே தம் வீட்டில் வைத்து இலக்கணம் சொல்லிக்கொடுத்தார், பையன் வீட்டில் நன்றாகத்தான் சொல்கிறான், தாளில்தான் வரமாட்டேன் என்கிறது என்று என்னிடம் வருத்தப்பட்டார். பகலில் பழனிச்சாமி அப்பாவின் லாரி அலுவலகத்தில் உட்கார்ந்து, வடநாட்டு ஏஜெண்டுகளுக்குப் போனில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தான். அதையும் தலைமையாசிரியரே ஆச்சரியமாகச் சொன்னார். ஏன் என்று அவர் யோசிக்கவில்லை. நானும் அப்போது யோசிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்று வருடத்தில் கலாமணி பட்டம் வாங்கினாள். அந்த வருடம் அக்டோபரில் பழனிச்சாமி ஆங்கிலத்தில் தேறினான். எழுபத்தெட்டு சதவீதம்.

இரண்டு பேரும் சேர்ந்தே வந்து பள்ளியில் எனக்குக் கல்யாணப் பத்திரிகை வைத்தார்கள். பெண்ணின் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று அச்சடித்திருந்தது. பழைய கேள்வியை நான் மறுபடி கேட்கவில்லை, அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே பதில் தெரிந்தது. பழனிச்சாமியைத்தான் கேட்டேன். இத்தனை தடவை வராத இங்கிலீஷ் இந்த ஒரு தடவை எப்படியப்பா வந்தது?

அவன் பின்கழுத்தைத் தடவிக்கொண்டான். "இந்தத் தடவ கேள்வி கொஞ்சம் சுலபமா வந்துருச்சுங்க டீச்சர்."

கலாமணி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த அக்டோபரில் தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நானும் போயிருந்தேன். ஆங்கிலத் தாள் அத்தனை கடினம். என் அறையிலேயே இரண்டு பேர் அழுதுகொண்டு எழுந்து போனார்கள்.